ஒத்திகை இல்லாத கூட்டு: நட்சத்திர அணிகளும் அவற்றைத் தாங்கும் பொது வடிவமும்

ஒரு துறையில் தனித்தனியே புகழ்பெற்றவர்களை, அவர்கள் வழக்கமாகச் சார்ந்திருக்கும் குழுக்களிலிருந்து சில நாட்களுக்கோ ஒரே ஒரு நிகழ்ச்சிக்கோ பிரித்தெடுத்து, ஒரே களத்திலோ ஒரே மேடையிலோ ஒரே படத்திலோ நிறுத்தும் ஏற்பாட்டை நட்சத்திர அணி என்று இக்கட்டுரை குறிக்கிறது. சினிமாப் பத்திரிகைகள் நட்சத்திரப் பட்டாளம் என்று விளம்பரத் தொனியில் எழுதுவதும், விளையாட்டுச் செய்திகளில் உலக லெவன், ஆல் ஸ்டார் அணி என்று வருவதும் இதன் வகைகளே. இதைப் பற்றிய பேச்சு பெரும்பாலும், தலைசிறந்தவர்கள் எல்லோரும் சேர்ந்தால் தலைசிறந்த அணி அமையுமா அமையாதா என்ற ஒரே வினாவைச் சுற்றி வருகிறது. ஆம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் தாராளமாகச் சான்றுகள் கிடைப்பதால், வினாவைச் சற்று மாற்றிக் கேட்பதே பயன் தரும்: முன்பு சேர்ந்து பணியாற்றாதவர்கள் கூடும்போது அவர்கள் அனைவருக்கும் ஏற்கெனவே தெரிந்திருப்பது எது, அந்தப் பொது அறிவு எங்கே உருவானது, அதை உருவாக்கும் செலவை யார் ஏற்றார்கள்?

நட்சத்திர அணி தோன்றுவதற்கு முதல் நிபந்தனை, அதற்கு நேர் எதிரான ஒன்று வலுவாக இருப்பதுதான். நட்சத்திரங்கள் ஏதோ ஒரு முதலாளியின் ஒப்பந்தத்தில் கட்டுண்டு, ஆளுக்கொரு திசையில் இருந்தால்தான் அவர்களை ஒன்றாகக் காண்பது அரிய காட்சியாகிறது. அமெரிக்கப் பேஸ்பாலில் 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் ஆட்டக்காரரின் ஒப்பந்தத்தில் ஒரு தக்கவைப்பு விதி இருந்தது. ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னும் அவர் வேறு கிளப்புக்குத் தம் விருப்பப்படி போக முடியாதபடி அது அவரைப் பழைய கிளப்போடு பிணைத்தது. இத்தகைய சூழலில் போட்டிக் கிளப்புகளின் வீரர்களை ஒரே பக்கத்தில் நிறுத்த முதலாளிகள் இசைவதற்கு, வணிகத்தைத் தாண்டிய ஒரு காரணம் தேவைப்பட்டது. 1911 ஏப்ரலில் கிளீவ்லாந்து அணியின் பந்துவீச்சாளர் ஆடி ஜாஸ் 31 வயதில் மூளைக்காய்ச்சலால் இறந்தபோது அக்காரணம் கிடைத்தது. அவருடைய குடும்பத்துக்காக அதே ஆண்டு ஜூலை 24 அன்று நடந்த உதவி ஆட்டத்தில், டை காப், வால்டர் ஜான்சன், டிரிஸ் ஸ்பீக்கர் முதலியோர் அடங்கிய பிற அணிகளின் சிறந்த வீரர்கள் கிளீவ்லாந்தை எதிர்த்து ஆடினர். சுமார் 13,000 டாலர் திரண்டது. பனி வளைகோலிலும் இதே வழிதான். 1933 டிசம்பரில் பாஸ்டனில் நடந்த ஆட்டத்தில் டொரண்டோ அணியின் ஏஸ் பெய்லி மண்டையோடு உடைந்து, விளையாட்டு வாழ்வையே இழந்ததை அடுத்து, 1934 பிப்ரவரி 14 அன்று அவருக்காக ஒரு நட்சத்திர ஆட்டம் நடத்தப்பட்டது.

ஆண்டுதோறும் நடக்கும் நட்சத்திர ஆட்டங்களுக்கு முன்மாதிரியாகக் கருதப்படும் 1933 ஜூலை 6 பேஸ்பால் ஆட்டமும் ஒரு பொதுக் காரணத்தின் நிழலில்தான் பிறந்தது. அந்த ஆண்டு சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியை ஒட்டி, அந்நகரின் டிரிப்யூன் நாளிதழின் விளையாட்டுப் பிரிவு ஆசிரியர் ஆர்ச் வார்ட், இரண்டு லீக்குகளின் சிறந்தவர்களை மோதவிடும் யோசனையை முன்வைத்தார். ஒரே ஒருமுறை நடப்பதற்கென்றே அது திட்டமிடப்பட்டது. பொருளாதாரப் பெருமந்தத்தில் மைதானங்களுக்கு வரும் கூட்டம் குறைந்துகொண்டிருந்த காலம் அது. காமிஸ்கி பார்க்கில் ஏறக்குறைய 47,000 பேர் திரண்டனர், 38 வயதான பேப் ரூத் அந்த ஆட்டத்தின் முதல் ஹோம் ரன்னை அடித்தார், அமெரிக்கன் லீக் 4–2 என்று வென்றது. ஒருமுறைக்கு என்று சொன்னது ஆண்டுச் சடங்காயிற்று. வீரர்களைத் தேர்ந்தெடுக்க நாளிதழ்கள் வழியாக வாசகர்களிடம் வாக்குக் கேட்டதுதான் வார்டின் கெட்டிக்காரத்தனம். நட்சத்திரம் யார் என்பதை அறிவிக்கும் அதிகாரத்தைக் கூட்டத்திடம் கொடுத்து, கூட்டத்தையே பத்திரிகை விற்பனையாகவும் நுழைவுச்சீட்டு விற்பனையாகவும் அவர் மாற்றினார்.

அந்த அதிகாரம் எவ்வளவு தூரம் போகலாம் என்பது 1957இல் தெரிந்தது. சின்சினாட்டி நகர ரசிகர்கள் கட்டுக்கட்டாக வாக்குச்சீட்டுகளை அனுப்பி, தேர்வுக்குரிய எட்டு இடங்களில் ஏழைத் தங்கள் ஊர் வீரர்களுக்கே பெற்றுத் தந்துவிட, பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் தலையிட்டு இருவரை நீக்கி, வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் அவ்விடங்களில் வைத்தார். ரசிகர் வாக்கும் பறிக்கப்பட்டு 1970 வரை திரும்பவில்லை. ஆணையர் செய்தது சரியென்றே பலரும் கருதினாலும், திறமையால் வருவது நட்சத்திரத் தகுதி என்ற எண்ணம் அந்த நிகழ்ச்சியில் உடைபட்டதைக் கவனிக்க வேண்டும். சின்சினாட்டி ரசிகர்கள் விதியை மீறவில்லை. தங்களுக்கு நட்சத்திரம் யார் என்று கேட்டதற்குப் பதில் சொன்னார்கள்.

பேஸ்பாலில் நட்சத்திரங்களைப் பிரித்துவைத்த முதலாளியின் பிடி, திரைப்படத்தில் நேர்மாறான விளைவைத் தந்தது. ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் நடிகர்களை நீண்டகால ஒப்பந்தத்தில் வைத்திருந்தபோதும், ஒரு படத்துக்கு ஓரிரு நட்சத்திரங்கள் போதும் என்பதே அப்போதைய கணக்கு. ஐந்து பேரை ஒரே படத்தில் இறக்குவது, ஐந்து படங்களில் சம்பாதிக்கக்கூடியதை ஒன்றில் கொட்டுவதாகும். 1932இல் எம்ஜிஎம் நிறுவனம் இந்தக் கணக்கை மாற்றிப் பார்த்தது. தயாரிப்புத் தலைவர் இர்விங் தால்பெர்க்கின் முயற்சியில் உருவான 'கிராண்ட் ஹோட்டல்' படத்தில் கிரேட்டா கார்போ, ஜோன் கிராஃபோர்ட், ஜான் பேரிமோர், அவருடைய அண்ணன் லயோனல் பேரிமோர், வாலஸ் பீரி ஆகியோர் சேர்ந்து நடித்தனர். எல்லோரும் ஒரே நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் இருந்ததால், யாரிடமிருந்தும் யாரையும் கடன் கேட்க வேண்டியிருக்கவில்லை. அப்படம் அவ்வாண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றது; வேறெந்தப் பிரிவிலும் அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை.

இந்த வெற்றியின் உள்ளமைப்பு கூர்ந்து பார்க்கத் தக்கது. விக்கி பாமின் நாவலிலிருந்து வந்த கதையில் பெர்லின் நகர விடுதி ஒன்று இருக்கிறது. சோர்ந்துபோன நடனக்காரி, கடனில் மூழ்கிய சீமான், சாகும் நாள் தெரிந்த கணக்கர், நொடிக்கும் நிலையிலுள்ள தொழிலதிபர், அவரிடம் சுருக்கெழுத்து வேலைக்கு வந்த பெண் ஆகியோர் அங்கே அறை எடுத்தும் வேலைக்கு வந்தும் கூடுகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனிக் கதை, தனி அறை, தனி உச்சக்கட்டம். பொதுக்கூடத்தில் ஒருவரை ஒருவர் உரசிச் செல்வதே தொடர்பு. படத்தின் இரு பெரிய நாயகியரான கார்போவும் கிராஃபோர்டும் ஒரு காட்சியில்கூட எதிரெதிரே நிற்கவில்லை. அதாவது, நட்சத்திரங்களின் கூட்டம் என்று விற்கப்பட்ட படம், அவர்களைச் சேர்க்காமல் பிரித்துவைத்ததால்தான் நடந்தேறியது. விடுதி, ரயில், விமானம், தீப்பிடித்த கட்டடம் என்று அடைபட்ட ஓரிடத்தைப் பின்னால் வந்த பல்நட்சத்திரப் படங்கள் திரும்பத் திரும்ப நாடியதற்குக் காரணம் இதுவே. அவ்விடம் எல்லோருக்கும் பொதுவான ஓர் இக்கட்டைத் தந்து, நடிகர்களிடையே நுட்பமான கூட்டு நடிப்பு வேண்டிய தேவையைக் குறைத்துவிடுகிறது. பிரிக்க முடியாமல் எஞ்சியது பெயர் வரிசை மட்டுமே. 1974இல் வந்த 'தி டவரிங் இன்ஃபெர்னோ' படத்தில் ஸ்டீவ் மெக்வீனின் பெயர் இடப்புறம் சற்றுத் தாழ்வாகவும் பால் நியூமனின் பெயர் வலப்புறம் சற்று உயர்வாகவும் அச்சிடப்பட்டன. இடமிருந்து படித்தால் ஒருவர் முதல், மேலிருந்து படித்தால் மற்றவர் முதல்.

தமிழ்த் திரையில் இதே சிக்கலின் இரு முனைகளைக் காணலாம். எம்.ஜி.ஆரும் சிவாஜி கணேசனும் இணைந்து நடித்த ஒரே படம் 1954இல் டி.ஆர். ராமண்ணா இயக்கத்தில் வந்த 'கூண்டுக்கிளி'. நண்பனின் மனைவி மீது ஆசை கொள்ளும் ஒருவனையும் அந்த நண்பனையும் பற்றிய விந்தனின் கதை, இரு நட்சத்திரங்களையும் நேருக்கு நேர் மோதவைத்து, ஒருவரை அறத்தில் தாழ்ந்தவராகவும் காட்டியது. அங்கே பிரித்துவைக்க அறைகள் இல்லை. படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை, பின்னர் அவர்கள் சேரவும் இல்லை. மறுமுனையில் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' இருக்கிறது. 2022இலும் 2023இலும் இரு பாகங்களாக வந்த அப்படம், விக்ரம், கார்த்தி, ஜெயம் ரவி, ஐஸ்வர்யா ராய், த்ரிஷா, சரத்குமார், பார்த்திபன், பிரகாஷ்ராஜ் என்று நீளும் பட்டியலைத் தாங்கியதற்கு, 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய கதையின் கட்டமைப்பே பெருமளவு காரணம். கரிகாலன் காஞ்சியிலும் குந்தவை பழையாறையிலும் நந்தினி தஞ்சையிலும் அருள்மொழி இலங்கையிலுமாகப் பிரிந்திருக்க, ஓலை சுமந்து அலையும் வந்தியத்தேவன் ஒருவனே அவர்களைத் தொடுக்கிறான். பெர்லின் விடுதியின் பொதுக்கூடம் செய்த வேலையை இங்கே ஒரு குதிரைவீரன் செய்கிறான். அதோடு, பாத்திரங்களின் குணமும் உறவும் பார்வையாளர்களில் பெரும்பாலோருக்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தெரிந்தவை. எனவே ஒவ்வொரு நடிகருக்கும் தம் பாத்திரத்தை நிலைநாட்டத் தேவையான திரைநேரம் கணிசமாகக் குறைந்தது. பொது அறிவு நடிகர்களிடம் மட்டுமன்றி எதிரே அமர்ந்திருப்பவர்களிடமும் இருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

விளையாட்டுக் களத்தில் இப்படிப் பிரித்துவைக்கும் தந்திரம் எல்லா ஆட்டங்களுக்கும் பொருந்தாது. நிறுவனவியல் அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் 1967இல் வெளியிட்ட நூலில், கூட்டு வேலையில் ஒருவர் மற்றவரைச் சார்ந்திருக்கும் முறையை மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொருவரும் தனியே செய்ததைக் கடைசியில் கூட்டிக்கொள்வது ஒன்று. ஒருவர் முடித்ததை அடுத்தவர் வாங்கித் தொடர்வது இரண்டாவது. கணந்தோறும் ஒருவரின் செயல் மற்றவரின் செயலை மாற்றிக்கொண்டே இருப்பது மூன்றாவது. பேஸ்பாலில் மட்டையாளர் பந்துவீச்சாளரைத் தனியே எதிர்கொள்வதால் முதல் வகை மேலோங்கியிருக்கிறது. கூடைப்பந்தும் கால்பந்தும் மூன்றாம் வகைக்கு நெருங்கியவை. ரோட்ரிக் ஸ்வாப் முதலிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு இந்த வேறுபாட்டை எண்களில் காண முயன்று, கால்பந்திலும் கூடைப்பந்திலும் உயர்திறன் வீரர்கள் ஓர் அளவுக்கு மேல் கூடினால் பலன் குறையத் தொடங்குகிறது என்றும், பேஸ்பாலில் அப்படி இல்லை என்றும் முடிவு கூறியது. கூடைப்பந்து பற்றிய முடிவை 2021இல் வேறு ஆய்வாளர்கள், அந்த ஆய்வு வெளிவந்த அதே இதழில் மறுத்தனர். திறமை கூடக்கூடப் பலன் கூடும் வேகம்தான் குறைகிறது, பலனே குறைவதில்லை என்பது அவர்கள் வாதம். திறமை மிகுந்தால் தீங்கு என்ற வாய்ப்பாடு கேட்பதற்குச் சுவையானது என்பதாலேயே அது வேகமாகப் பரவியது என்று தோன்றுகிறது. வரலாற்று நிகழ்ச்சிகள் காட்டுவது இன்னும் சிக்கலான ஒன்று.

கிரிக்கெட்டில் இரண்டு உலக அணிகளை ஒப்பிடலாம். 2005 அக்டோபரில் சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஓர் உலக லெவனை நிறுத்தியது. மெல்போர்னில் நடந்த மூன்று ஒருநாள் ஆட்டங்களிலும் ஆஸ்திரேலியாவே வென்றது. சிட்னியில் ஆறு நாட்களுக்குத் திட்டமிடப்பட்ட டெஸ்ட் ஆட்டம் நான்காம் நாளே முடிந்தது. கிரேம் ஸ்மித் தலைமையில் சேவாக், டிராவிட், லாரா, காலிஸ், இன்சமாம், ஃபிளிண்டாஃப், முரளிதரன் என்று வரிசைகட்டிய அணி 190க்கும் 144க்கும் சுருண்டு 210 ஓட்டங்களில் தோற்றது. ஆஸ்திரேலியா அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் இங்கிலாந்திடம் ஆஷஸ் தொடரைப் பறிகொடுத்திருந்தது என்பதால், வெல்ல முடியாத அணியிடம் தோற்றோம் என்ற சமாதானமும் இல்லை. அந்த ஆட்டத்துக்கு டெஸ்ட் தகுதி தரப்பட்டதன் அடையாளம் முரளிதரனின் கணக்கில் இன்றும் இருக்கிறது: அவருடைய 800 விக்கெட்டுகளில் 795 இலங்கைக்காக எடுத்தவை, மீதி ஐந்து உலக லெவனுக்காக.

ஆனால் 1970 கோடையில் இங்கிலாந்தில் ஆடிய உலக அணியின் கதை வேறு. நிறவெறி எதிர்ப்பு இயக்கத்தின் விளைவாகத் தென்னாப்பிரிக்க அணியின் சுற்றுப்பயணம் ரத்தானபோது, அந்த வெற்றிடத்தை நிரப்ப கேரி சோபர்ஸ் தலைமையில் ஓர் அணி திரட்டப்பட்டது. எந்த நாட்டின் பயணம் தடுக்கப்பட்டதோ அந்நாட்டின் ஐந்து வெள்ளை வீரர்கள், ஒரு கறுப்பினத் தலைவரின் கீழ் அதில் ஆடினர். ஐந்து ஆட்டங்களில் நான்கை உலக அணி வென்றது. அன்று டெஸ்ட் என்றே அறிவிக்கப்பட்ட அந்த ஆட்டங்களின் தகுதி பின்னர் நீக்கப்பட்டது. தோற்ற அணிக்குக் கிடைத்த தகுதி வென்ற அணிக்குக் கிடைக்காதது பதிவேடுகளின் விசித்திரம்.

இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை வீரர்களின் திறமையில் தேடினால் கிடைக்காது. 1968 முதல் இங்கிலாந்தின் கவுண்டி கிளப்புகள் வெளிநாட்டு வீரர்களை உடனடியாகச் சேர்த்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. சோபர்ஸ் நாட்டிங்காம்ஷருக்கும், கன்ஹாயும் கிப்ஸும் வார்விக்ஷருக்கும், லாய்டும் ஃபரோக் எஞ்சினியரும் லங்காஷருக்கும், பிராக்டர் குளோஸ்டர்ஷருக்கும், பாரி ரிச்சர்ட்ஸ் ஹாம்ப்ஷருக்கும் வாரத்தில் பல நாட்கள் ஆடிக்கொண்டிருந்தனர். அந்நாட்டு ஆடுகளங்களின் ஈரமும், எதிரணி மட்டையாளர்களின் பலவீனமும், தங்களுக்குள் ஒருவர் பந்துவீச்சை மற்றவர் எப்படி ஆடுவார் என்பதும் அவர்களுக்கு அன்றாடப் பழக்கத்தால் தெரிந்திருந்தன. உலக அணி என்று பெயர் பெற்றது உண்மையில் பெருமளவுக்குக் கவுண்டி கிரிக்கெட் தன் செலவில் பயிற்றுவித்து வைத்திருந்த ஓர் அணிதான். 2005இன் அணிக்கு அப்படி ஒரு வீடு இல்லை. ஒரே நாட்டுக்காக ஆடிய சிலரைத் தவிர, அவர்கள் ஒருவரை ஒருவர் பெரும்பாலும் எதிரிகளாகவே அறிந்திருந்தனர்.

கூடைப்பந்தில் அமெரிக்க அணியின் ஏற்றமும் சரிவும் இதையே வேறு வழியில் காட்டுகின்றன. தொழில்முறை வீரர்களுக்கு ஒலிம்பிக்கில் இடம் கிடைத்தபின் 1992இல் பார்சிலோனாவுக்குச் சென்ற மைக்கேல் ஜார்டன், மேஜிக் ஜான்சன், லாரி பேர்ட் முதலியோரின் அணி எட்டு ஆட்டங்களையும் வென்றது. இறுதியில் குரோஷியாவை 117–85 என வீழ்த்தியது. அந்த அணியும் போட்டிக்கு முன் நடந்த பயிற்சியில் கல்லூரி மாணவர் அணியிடம் ஒருமுறை தோற்றது என்பது அதிகம் பேசப்படாத செய்தி. 2004இல் ஏதென்ஸில் அவசரமாகத் திரட்டப்பட்ட அணி முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 92–73 என்று தோற்று, அரையிறுதியில் அர்ஜெண்டினாவிடமும் வீழ்ந்து வெண்கலத்தோடு திரும்பியது. அர்ஜெண்டினாவின் வீரர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆடிவந்தவர்கள். அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற ஜெர்ரி கொலாஞ்செலோ, ஒரு கோடைக்கு மட்டும் வருவோர் வேண்டாம், மூன்று ஆண்டு ஈடுபாடு தருவோரே வேண்டும் என்று விதித்தார். 2008இல் பெய்ஜிங்கில் தங்கம் திரும்பியது. நட்சத்திர அணி மீண்டும் வென்றபோது அது பாதி நிரந்தர அணியாக மாறியிருந்தது.

இதுவரை பார்த்தவற்றிலிருந்து, சேர்ந்து பழகாதவர்கள் கூடினால் தோல்விதான் என்று முடிவு கட்டிவிடலாம் போலத் தோன்றும். அந்த முடிவை நூறாண்டுகளாக இரவுதோறும் பொய்யாக்கி வரும் ஒரு கலை தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் இருக்கிறது. அதன் பெயர் ஸ்பெஷல் நாடகம். நிரந்தரக் குழு, நிரந்தர முதலாளி, இயக்குநர், ஒத்திகை ஆகிய நான்கும் அதில் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு நாடகம் வைக்க விரும்புவோர், மதுரை, புதுக்கோட்டை போன்ற ஊர்களிலுள்ள நடிகர் சங்கங்களையோ அமைப்பாளர்களையோ அணுகி, ராஜபார்ட்டுக்கு ஒருவர், ஸ்திரீபார்ட்டுக்கு ஒருவர், பபூன், நடனம், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே பேசி முடிக்கிறார்கள். இப்படி ஒவ்வொரு கலைஞரும் அந்த ஓர் இரவுக்கென்று தனியாக அழைக்கப்படுவதாலேயே அந்தப் பெயர் என்று, இக்கலைஞர்களைப் பற்றி விரிவான கள ஆய்வு செய்து 2005இல் நூல் வெளியிட்ட மானுடவியலாளர் சூசன் சைசர் விளக்குகிறார். நோட்டீசில் நடிகர்களின் படமும் பெயருக்கு முன் அவரவர் ஊரும் அச்சாகின்றன. நாடகத்தின் பெயரைவிட அந்தப் பெயர்களே கூட்டத்தை இழுக்கின்றன. ஆட்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, ஒப்பனைக் கொட்டகையில்தான் அன்றைய சக நடிகரைச் சந்திக்கிறார்கள். இரவு பத்து மணியளவில் தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கிறது.

இது எப்படிச் சாத்தியமாகிறது என்பதற்கான விடை சங்கரதாஸ் சுவாமிகளிடம் இருக்கிறது. 1867இல் பிறந்து 1922இல் புதுச்சேரியில் மறைந்த சுவாமிகள் எழுதிய 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி', 'கோவலன்' முதலிய நாடகங்களின் பாடல்களும் காட்சி வரிசையும் எல்லா நடிகர்களுக்கும் மனப்பாடம். எந்தப் பாட்டு எந்த இடத்தில் வரும், எந்தச் சொல்லில் முடித்து எதிராளிக்கு வழிவிட வேண்டும் என்பது தெரிந்தபின், எதிரே நிற்பவர் இன்னார் என்பது முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடித்துப் பின்பாட்டுப் பாடி, தடுமாறுபவரைத் தாங்கி, நீட்டுபவரை மடக்கி, பெயரில்லாத இயக்குநராக அமர்ந்திருக்கிறார். வடிவம் இவ்வளவு இறுக்கமாக இருப்பதால் அதற்குள் கிடைக்கும் விடுதலையும் பெரிது. 'வள்ளி திருமணத்தில்' தினைப்புனத்துக்கு வரும் நாரதருக்கும் வள்ளிக்கும் இடையே நடக்கும் தர்க்கத்தில், இருவரும் கேள்வியும் மறுமொழியுமாகப் பாடியும் பேசியும் எதிராளியை மடக்கப் பார்க்கிறார்கள். மேடையில் நடப்பது கதையின் தர்க்கமா, இரு கலைஞர்களின் உண்மையான போட்டியா என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டம் காத்திருப்பது அந்த நேரத்துக்காகத்தான். நட்சத்திரங்களின் போட்டி கூட்டு முயற்சியைக் குலைக்கும் என்பது விளையாட்டுப் பயிற்சியாளர்களின் நிரந்தரக் கவலை. இங்கே போட்டிக்கென்றே ஓர் இடம் ஒதுக்கப்பட்டு, அது வடிவத்தின் பகுதியாகவே ஆகிவிட்டிருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பொற்காலம் என்று 1920களின் பிற்பகுதியைச் சொல்லலாம். செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் கொடுமுடி கே.பி. சுந்தராம்பாளும் இலங்கையில் நடந்த நாடகங்களில் இணைந்து, பின்னர் வாழ்க்கையிலும் இணைந்தனர். ஒருவர் உச்சத்தில் பாடினால் மற்றவர் அதை மிஞ்சிப் பாடுவார் என்ற எதிர்பார்ப்பும், வீடுகளுக்குள் புகுந்த கிராமபோன் தட்டுகளும் அவர்களை நாடகத்தைவிடப் பெரியவர்களாக்கின. கிட்டப்பா 1933 டிசம்பரில் 27 வயதில் இறந்ததோடு அந்த இணை முடிந்தது. சுந்தராம்பாளோ 1935இல் வெளிவந்த 'நந்தனார்' படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்றதாகப் பேசப்படும் அளவுக்கு மேடையின் புகழைத் திரைக்குக் கொண்டுபோனார்.

இசை மேடையிலும் இதே தர்க்கம் செயல்பட்டது. காஞ்சிபுரம் நைனாப் பிள்ளை போன்றோரின் கச்சேரிகளில் வயலின், மிருதங்கத்தோடு கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று தாளக் கலைஞர்கள் வரிசையாக அமர்வதை ஃபுல் பெஞ்ச் கச்சேரி என்றார்கள். கோயில் விழாக்களில் நாகஸ்வரக் குழுவோடு நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற தவில் மேதைகள் தனியாக அழைக்கப்படுவது ஸ்பெஷல் தவில் எனப்பட்டது. தாளமும் ராகமும் உருப்படிகளும் பொதுவாக இருக்க, தனி ஆவர்த்தனம் போட்டிக்கு இடம் தந்தது.

ஆனால் ஒத்திகையே இல்லாத கூட்டு இலவசமாக வந்துவிடவில்லை. அந்தப் பொது அறிவு, ஒத்திகையைத் தவிர வேறெதுவும் செய்யாத இடங்களில் முதலில் உருவாயிற்று. 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா உள்ளிட்ட பாய்ஸ் கம்பெனிகளில், சிறுவர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கி, காலையில் பாட்டும் பகலில் வசனமும் இரவில் மேடையுமாகப் பல ஆண்டுகள் கழித்தனர். கட்டுப்பாடு கடுமையானது, அடியும் உதையும் அதில் அடக்கம். கிட்டப்பாவே கம்பெனி நாடகங்களில் சிறுவனாக வளர்ந்தவர். கன்னையா கம்பெனியின் மேடையில் புகழ்பெற்ற பின்னரே தனி நட்சத்திரமாக உலவினார். கவுண்டி கிளப்புகள் 1970இன் உலக அணிக்குச் செய்ததைக் கம்பெனிகள் ஸ்பெஷல் நாடகத்துக்குச் செய்தன: பயிற்சியின் செலவு ஒருவருக்கு, அறுவடை வேறொருவருக்கு. கம்பெனிகள் மறைந்தபின் இந்தப் பயிற்சி, மூத்த நடிகர்களின் வீடுகளுக்கும் ஆர்மோனிய ஆசிரியர்களின் திண்ணைகளுக்கும் கலைஞர் குடும்பங்களுக்கும் இடம் மாறியது.

அந்த ஏற்பாட்டுக்கு இன்னொரு விலையும் உண்டு. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததை மட்டுமே ஒத்திகையின்றி ஆட முடியும் என்பதால், ஸ்பெஷல் நாடகத்தின் நாடகப் பட்டியல் சுவாமிகளின் காலத்தை ஒட்டியே பெரும்பாலும் நின்றுவிட்டது. பபூனின் நகைச்சுவையில் நேற்றைய செய்தி நுழைகிறது, இடையிடையே சினிமா மெட்டு வருகிறது, தர்க்கத்தில் புதிய மடக்கு கேட்கிறது. நாடகம் மட்டும் 'வள்ளி திருமணமாகவே' இருக்கிறது. சுவாமிகளின் சபாவில் சிறுவராகச் சேர்ந்த டி.கே. சண்முகமும் அவருடைய சகோதரர்களும் இதற்கு எதிர்த்திசையில் சென்று, சொந்தக் குழு வைத்து, 1940களில் 'ஔவையார்', 1950களில் 'இராஜராஜ சோழன்' என்று முன்னர் யாரும் ஆடாத நாடகங்களை மேடையேற்றினர். புதிய நாடகத்துக்கு எல்லோரும் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் கூடிப் பயில வேண்டும். மேடையேறாத அந்த நாட்களுக்கும் சாப்பாடும் சம்பளமும் தர ஒரு முதலாளி வேண்டும். ஓர் இரவுக்கு மட்டும் பேசி முடிக்கும் திருவிழாக் கமிட்டியின் கணக்கில் அதற்கு இடமில்லை. டி.கே.எஸ். சகோதரர்கள் அந்தச் செலவைத் தங்கள் தலையில் ஏற்றுக்கொண்டு கால் நூற்றாண்டு ஊர் ஊராகச் சென்றனர். அதே ஆண்டுகளில் ஸ்பெஷல் நடிகர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு, அன்றிரவு நாரதராக வரப்போகிறவர் யார் என்று தெரியாமலே அடுத்த ஊருக்குப் பேருந்து ஏறிக்கொண்டிருந்தனர்.